இரட்சிப்பைச் சொல்லும் வாயும் உதவி செய்யும் கையும்

(மட்டக்களப்பில் சபை ஊழியர்களுக்காக நடைபெற்ற ஒருநாள் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இக்கூட்டத்திற்குத் தலைமை தாங்கும் மதிப்பிற்குரிய குருவானவர் அவர்களே, கல்முனையிலிருந்தும் அக்கரைப்பற்றிலிருந்தும் திருக்கோவிலிலிருந்தும் விடியற்காலையிலேயே பஸ் ஏறி வந்திருக்கும் போதகர்களே, அருட்சகோதரிகளே, எமது அழைப்பை மதித்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பிரதேச செயலாளர் அவர்களே, ஆலய நிர்வாகப் பொறுப்பாளரான வண்ணக்கர் ஐயா அவர்களே, பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையின் தலைவர் அவர்களே, வாசலில் நின்று எம்மை வரவேற்று, இப்போது மண்டபத்தின் பின்புறத்தில் சாப்பாட்டைக் கவனித்துக்கொண்டிருக்கும் மாதர் சங்கத்துத் தாய்மாரே, உங்கள் எல்லோருக்கும் கர்த்தரின் நாமத்தில் என் வணக்கம்.

வண்ணக்கர் ஐயாவும் நம்பிக்கையாளர் சபைத் தலைவரும் இங்கே வந்திருப்பதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கிறிஸ்தவர்கள் தங்கள் சுவிசேஷ ஊழியத்தைப் பற்றிப் பேசும் கூட்டத்திற்கு மற்றச் சமயத்தவரை அழைக்கலாமா என்று சிலர் கேட்டார்கள். அவர்கள் இல்லாதபோது சொல்லிவிட்டு, அவர்கள் இருக்கும்போது மறைக்க வேண்டிய சுவிசேஷம் எதுவும் எம்மிடம் இல்லை என்பதே என் பதில். அவர்கள் எமக்குச் செய்திருக்கும் இந்த மரியாதைக்குத் தகுந்தபடி நான் பேச வேண்டும் என்ற பொறுப்புடன் தொடங்குகிறேன்.

மூன்று காரியங்களைச் சொல்ல நினைத்திருக்கிறேன். இரட்சிப்பு என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பது முதலாவது. அதைப் பிறருக்கு எப்படிச் சொல்வது என்பது இரண்டாவது. கேட்டு விசுவாசித்தவரைச் சபை எப்படித் தாங்குவது என்பது மூன்றாவது.

பிலிப்பி பட்டணத்துச் சிறைச்சாலைக்காரன் நடுநடுங்கி விழுந்து, "ஆண்டவன்மாரே, இரட்சிக்கப்படுவதற்கு நான் என்ன செய்யவேண்டும்?" என்று கேட்டான். பவுலும் சீலாவும் கொடுத்த பதில் ஒரே வசனம்: கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவை விசுவாசி. அந்த ஒரு வசனத்திற்குள் நாம் நம்புகிற அனைத்தும் இருக்கிறது. மனிதன் தேவனை விட்டு விலகியிருக்கிறான். அந்த விலகலைத் தன் முயற்சியால் சரிசெய்ய அவனால் முடியாது. தேவனே மனிதனாகி வந்து, பொந்தியு பிலாத்துவின் காலத்தில், எருசலேமின் நகர வாசலுக்கு வெளியே, சிலுவையில் அந்தப் பாவத்தின் விளைவைத் தம்மேல் ஏற்றுக்கொண்டார். மூன்றாம் நாளில் உயிர்த்தெழுந்தார். மனந்திரும்பி அவரை நம்புகிறவனுக்கு மன்னிப்பும் புதிய வாழ்வும் இலவசமாகக் கிடைக்கின்றன. எபேசியருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் இதைக் கிருபை என்கிறார். "இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு" என்கிறார். நற்கிரியைகள் அந்த ஈவிலிருந்து பிறக்கின்றன. அவற்றைக் கொடுத்து ஈவை வாங்க முடியாது.

இதைக் கேட்பவர் வெற்று மனத்தோடு கேட்பதில்லை என்பதை ஊழியர்கள் மறந்துவிடக் கூடாது. சிறுவயதிலிருந்தே சிவபுராணம் ஓதி வளர்ந்த ஒரு சைவ வீட்டுப் பெரியவரிடம் போய், அருள் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியாது என்று பேச்சைத் தொடங்குவது அறியாமை மட்டுமல்ல, அவமரியாதையும்கூட. இறைவனின் அருளின்றி அவன் தாளை வணங்கவும் முடியாது என்று பாடும் மரபு அது. வினையும் அருளும் பற்றி அவர் சிந்தித்திருக்கிறார். உயிர் தன் வினையின் பயனை அனுபவித்தே தீர வேண்டும் என்று கேட்டு வளர்ந்தவருக்கு, ஒருவருடைய பாவத்தின் பாரத்தை இன்னொருவர் சுமந்து தீர்த்தார் என்பதே புதிய செய்தி. அங்கேதான் நாம் நின்று பொறுமையாகப் பேச வேண்டும். இஸ்லாமியச் சகோதரருக்கோ சிலுவை மரணமே ஏற்கத்தக்கதாக இல்லை. அதை மழுப்பாமல், கண்ணியத்தோடு, எம் நம்பிக்கை இது என்று சொல்லி, அவர் நம்பிக்கையை அவர் வாயால் கேட்க வேண்டும். சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு, அதாவது பதில், சொல்லுங்கள் என்று பேதுரு எழுதியது இப்படிப்பட்ட உரையாடலுக்காகத்தான். அந்த வசனத்தில் இன்னொன்றும் உண்டு: "விசாரித்துக் கேட்கிற யாவருக்கும்." அவர்கள் கேட்கும்படியாக நம் வாழ்க்கை இருக்கிறதா?

இன்னொரு காரியத்தையும் தெளிவாகச் சொல்கிறேன். விசுவாசித்தால் நோய் வராது, நட்டம் வராது, ஆபத்து வராது என்று சொல்லி அழைக்கிற பிரசங்கத்தை இந்த ஊரில் யாரும் செய்யக் கூடாது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலையில், இந்த நகரத்தின் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து இறந்தவர்களில் எத்தனை பேர் சிறு பிள்ளைகள் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தத் தாய்மாரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத ஒரு வாக்குறுதியை வேறு யாரிடமும் சொல்லும் உரிமை எமக்கில்லை. சாவும் பிரிக்க முடியாத அன்பு ஒன்று உண்டு என்பதே எம் சாட்சி.

இப்போது இரண்டாவது காரியத்திற்கு வருகிறேன். இன்று நான் இங்கே வந்ததும் இதற்காகத்தான். "தூண்டில்காரனுக்குத் தக்கையிலே கண்" என்று எம் வாவிக்கரை மக்கள் நன்கறிந்த பழமொழி ஒன்று உண்டு. தூண்டில் போட்டவன் வாவியின் அழகைப் பார்ப்பதில்லை, பக்கத்தில் இருப்பவனின் முகத்தையும் பார்ப்பதில்லை. தக்கை எப்போது அமிழும் என்பதே அவன் கவனம். உலருணவுப் பொதியை ஒரு கையிலும் சுவிசேஷக் கைப்பிரதியை மறுகையிலும் கொண்டு ஒரு வீட்டுப் படலையைத் திறக்கிறவனின் கண் எங்கே இருக்கிறது?

2004 டிசம்பர் 26 இல் சுனாமியாகக் கடல் வந்துபோன பிறகு, கல்லடிப் பக்கத்து முகாம் ஒன்றில் நான் கண்டதை உங்களுக்குச் சொல்ல வேண்டும். பாடசாலை வகுப்பறை ஒன்றின் மூலையில் வயதான அம்மா ஒருவர் இருந்தார். கணவரையும் பேரப்பிள்ளையையும் கடல் கொண்டுபோயிருந்தது. நாங்கள் பாய்களும் கேத்தல்களும் ஏற்றிய வாகனத்தோடு போயிருந்தோம். நான் ஒரு பாயை அவர் பக்கத்தில் வைத்தேன். அவர் பாயைத் தொடவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்து, "இதுக்கு நான் என்ன சொல்லணும் மனே?" என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. பக்கத்தில் இருந்த பெண்தான் விளக்கினார். அதற்கு முன்பு வந்த குழுக்கள், பொருளைக் கொடுப்பதற்கு முன் கண்களை மூடச் சொல்லி, தாங்கள் சொல்லச் சொல்ல ஒரு ஜெபத்தைத் திருப்பிச் சொல்லச் செய்திருக்கிறார்கள். ஒரு குழு அரிசிக்காக, இன்னொரு குழு துணிக்காக, மற்றொரு குழு லாம்புக்காக. அந்த அம்மா எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார். அவருடைய பெயர் எத்தனை அறிக்கைகளில் ஆத்தும ஆதாயமாக எழுதப்பட்டு, எத்தனை நாடுகளுக்குப் போயிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பேரனின் பெயரை மட்டும் அவரிடம் யாரும் கேட்டிருக்கவில்லை.

அந்த முகாமுக்கு எங்கள் சபையின் மூத்த சகோதரி ஒருவர் வெறுங்கையோடு போகத் தொடங்கினார். அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். வைத்தியசாலைப் பட்டியல்களிலும் மற்ற முகாம்களின் பட்டியல்களிலும் பேரனின் பெயரைத் தேடிக்கொடுத்தார். கிடைக்கவில்லை. முப்பத்தோராம் நாள் கடமையை அம்மா தம் முறைப்படி செய்தபோது அதற்கும் கூடவே இருந்தார். பல மாதங்களுக்குப் பிறகு ஒரு நாள் அம்மாவே கேட்டிருக்கிறார்: "உங்கட ஆண்டவர் செத்த பிள்ளையள என்ன செய்வார்?" அன்றைக்குத்தான் சகோதரி வேதத்தைத் திறந்தார். இரட்சிப்பைப் பற்றி அந்த அம்மா அதுவரை திருப்பிச் சொன்ன எந்த ஜெபத்திலும் இல்லாத ஓர் உரையாடல் அன்று மாலை வரை நடந்தது என்று சகோதரி என்னிடம் சொன்னார்.

இதை நான் எங்கே சொன்னாலும் உடனே ஒரு கேள்வி வரும்: அந்த அம்மா பிறகு ஞானஸ்நானம் எடுத்தாரா? அன்பானவர்களே, தூண்டில்காரனுக்குத் தக்கையிலே கண். அதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை.

வேதம் இதைப் பற்றி என்ன சொல்கிறது? கலிலேயாக் கடலோரத்தில் இயேசு பேதுருவையும் அந்திரேயாவையும் மனுஷரைப் பிடிக்கிறவர்களாக்குவேன் என்று அழைத்தபோது அவர்கள் வலை போட்டுக்கொண்டிருந்தார்கள் என்று மத்தேயு எழுதுகிறார். வீச்சுவலை வீசுகிறவர்கள் இந்த மண்டபத்திலும் இருக்கிறீர்கள். வலையில் இரை இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். பேதுரு தூண்டில் போட்டதாக நான் வாசித்திருப்பது ஒரே இடத்தில், வரிப்பணத்திற்கான காசுக்காக. பத்துக் குஷ்டரோகிகளை ஆண்டவர் சுகமாக்கினார். ஒருவன் மாத்திரம் திரும்பி வந்தான். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று வருந்தினார். ஆனால் அந்த ஒன்பது பேரின் சுகத்தை அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அப்பம் தின்ற கூட்டம் படகேறி அவரைத் தேடி வந்தபோது, அப்பத்திற்காகவே என்னைத் தேடுகிறீர்கள் என்று முகத்துக்கு நேரே சொன்னார். வரி வசூலிக்கும் ஆயக்காரன் சகேயுவின் வீட்டுக்கு எந்தப் பொதியும் போகவில்லை. ஆண்டவர் விருந்தாளியாகப் போய் அவன் வீட்டில் தங்கினார்; அவன்தான் எழுந்து நின்று, தன் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன் என்றான். இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று ஆண்டவர் சொன்னது அதற்குப் பின்தான். இரட்சிப்பு தேவனுடைய இலவச ஈவு என்று வாயால் சொல்லிவிட்டு, அதை ஒரு பை அரிசிக்கு மாற்றாக்குகிறவன் தன் உபதேசத்தைத் தானே மறுக்கிறான்.

எம் சரித்திரமும் இதையே சொல்கிறது. ஒல்லாந்தர் காலத்தில் இந்தக் கரையோரங்களில் அரசாங்க உத்தியோகத்திற்கும் திருமணப் பதிவுக்கும் அவர்களுடைய சபையின் ஞானஸ்நானம் தேவைப்பட்டது. தோம்புகள் என்ற பதிவேடுகளில் பெயர்கள் நிரம்பின. 1796 இல் ஆட்சி கைமாறி, அந்த நிர்ப்பந்தம் தளர்ந்தபோது, பெயர் எழுதியவர்களில் பெருந்தொகையானோர் தங்கள் முன்னோரின் வழிபாட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை; அவர்கள் கேட்டது உத்தியோகத்தை, கொடுக்கப்பட்டது தண்ணீரை. அதற்கு மாறாக, 1814 இல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்து, ஓராண்டுகூட நிறையுமுன் 1815 இல் இங்கேயே மரித்தார். அவர் தொடங்கி வைத்த கல்விப் பணியிலிருந்து வளர்ந்த மெதடிஸ்த மத்திய கல்லூரியில் படித்த பலர் கடைசிவரை சைவராகவே வாழ்ந்தார்கள். அந்தக் கல்வி வீணானது என்று இங்கே யாராவது சொல்வீர்களா? வண்ணக்கர் ஐயா தலையசைப்பதைப் பார்க்கிறேன், நன்றி ஐயா.

விரும்பிய சமயத்தைக் கொண்டிருக்கவும் ஏற்கவும் ஒவ்வொருவருக்கும் உள்ள சுதந்திரத்தை எம் அரசியலமைப்பின் 10 ஆம் உறுப்புரை தருகிறது. 2004 இல் மதமாற்றத் தடைச் சட்டமூலம் ஒன்று பாராளுமன்றத்திற்கு வந்தபோது நாம் அந்தச் சுதந்திரத்தைச் சொல்லி வாதாடினோம். வாதாடியது சரியே. ஆனால் அந்தச் சட்டமூலத்துக்குக் காரணம் காட்டப்பட்ட பொதிகளில் சிலவேனும் எம் கைகளிலிருந்து போனவை அல்லவா?

ஆகவே மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் எல்லாச் சபைகளிடமும் நான் கேட்பது இதுதான். உதவி செய்கிற குழு வேறாகவும் சுவிசேஷம் சொல்கிற குழு வேறாகவும் இருக்கட்டும். பொதி கொடுக்கும் நாளில் கைப்பிரதி கொடுக்க வேண்டாம், ஜெபத்தைத் திருப்பிச் சொல்லும்படி கேட்கவும் வேண்டாம். பயனாளிகளின் பட்டியலைக் கிராம உத்தியோகத்தரிடமிருந்து பெறுங்கள். எந்தக் கோவிலுக்குப் போகிற குடும்பம் என்று பார்க்காமல் கொடுங்கள். வெளிநாட்டுக்கு அனுப்பும் அறிக்கையில் பொதி பெற்றவர்களின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் இயேசுவுக்குத் தங்களை ஒப்புக்கொடுத்தவர்களின் எண்ணிக்கையை எழுதாதீர்கள். நன்கொடை நின்றுவிடும் என்று சில போதகர்கள் என்னிடம் சொன்னார்கள். நிற்கட்டும். தக்கையைப் பார்த்துக் காசு அனுப்புகிறவர்களும் தூண்டில்காரர்கள்தான்.

நேரம் முடிந்தது என்று தலைவர் அவர்கள் துண்டு அனுப்பியிருக்கிறார். அவருடைய பொறுமைக்கு நன்றி. மூன்றாவது காரியத்தைப் பிற்பகல் குழு உரையாடலில் பேசுங்கள். நான் சொன்னவற்றை ஒரு பக்க உறுதிமொழியாகத் தட்டச்சு செய்து, வாசலில் உள்ள மேசையில் வைத்திருக்கிறோம். அதை உங்கள் சபை மூப்பர் கூட்டத்தில் வாசித்து, உடன்பட்டால் கையொப்பமிட்டு, ஒரு பிரதியை உங்கள் பிரதேச செயலகத்திலும், அயலிலுள்ள ஆலய பரிபாலன சபையிடமும் பள்ளிவாசலிடமும் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். உடன்படாத சபைகள் தங்கள் காரணத்தை எழுதித் தந்தால் அடுத்த கூட்டத்தில் அதை முதலாவதாக எடுத்துக்கொள்வோம்.