அடுத்த அடி எப்ப விழும்?

நேயர்களுக்கு வணக்கமுங்க.

மாரியம்மன் நோம்பிக்குப் பூச்சாட்டிக் கம்பம் நட்டுட்டா நம்ம ஊர்கள்ல ராத்திரி எப்படியிருக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்லை. பறையும் ஜமாப்பும் கிளம்பினதும் இளவட்டங்க கம்பத்தைச் சுத்தி இறங்கிருவாங்க. ஓரமா நிக்கிற பெரியவருக்குக் கால் கட்டைவிரல் தானா அசையும். இடுப்புல இருக்கிற குழந்தை துள்ளும். அதே சத்தத்துக்குள்ளதான் கட்டுத்தரையில எருமை நிக்குது, திண்ணையோரம் நாய் படுத்திருக்குது. நாய்க்குக் காது நம்மளை விடக் கூர்மை. ஆனாலும் அது அடிக்கு அடி அசையறதில்லை. ஏன்? ரொம்ப வருசமா என்னை விடாத கேள்வி இதுதானுங்க.

தாளத்தை உணர்றது அநேகமா எல்லா விலங்குக்கும் பொதுவானதுன்னு 1871-லயே டார்வின் எழுதினார். அவர் சொன்னதுக்கு ஆதாரம் தேடி நாம ரொம்ப தூரம் போக வேண்டாம், பொள்ளாச்சிக்கு மேல ஆனைமலைக்குப் போனா போதும். 2022 ஏப்ரல்ல உலாந்தி வனச்சரகத்துல கணக்கில்லாத மின்மினிப் பூச்சிங்க ஒரே நேரத்துல மின்னி, ஒரே நேரத்துல அணையறதைப் படம் புடிச்சாங்க. பல செய்தித்தாள்ல வந்துச்சு, பாத்திருப்பீங்க. பக்கத்துல ஒண்ணு மின்னினா, தன் உள்ள ஓடுற கடிகாரத்தைக் கொஞ்சம் முன்ன பின்ன திருத்திக்குது. அவ்வளவுதான் சூட்சுமம். ஆனா அது மின்னற வெளிச்சத்தோட மட்டும்தான் சேரும், அதுவும் தனக்குன்னு இருக்கிற வேகத்துக்குப் பக்கத்துல மட்டும்தான். நாம அப்படியில்லைங்க. மெதுவா அடிச்சாலும் சேருவோம், விரட்டி அடிச்சாலும் சேருவோம். காதுல விழறதுக்குக் காலை வெப்போம், கையைத் தட்டுவோம், தலையை ஆட்டுவோம்.

இதுல முக்கியமான சேதி ஒண்ணு. தாளத்தோட சேர்றதுன்னா சத்தத்தைக் கேட்டுட்டு அப்புறம் தட்டறது இல்லை. அடுத்த அடி எப்ப விழும்னு முன்கூட்டியே தெரிஞ்சு தட்டறது. சீரா விழற சத்தத்துக்கு மனுசங்களைத் தட்டச் சொல்லி அளந்தா, நம்ம விரல் பெரும்பாலும் சத்தத்துக்கு நொடியில நூத்துல சில பங்கு முந்தியே விழுது. குரங்குகளை மாசக்கணக்குல பழக்கிச் செஞ்ச முதல் சோதனைகள்ல அதுங்க ஒவ்வொரு சத்தத்துக்கும் பிந்தித்தான் தட்டிச்சு. பின்னாடி வெளிச்சத்தை மின்ன வெச்சு, சரியா தட்டினாத்தான் பரிசுன்னு பழக்கினப்போ முந்தவும் கத்துக்கிச்சு. ஆக, திறமையோட வேர் அங்கயும் இருக்குது. ஆனா நமக்குச் சொல்லாமயே வருது.

இங்க எங்க சொந்தக்காரர் ஒருத்தரைப் பத்திச் சொல்லியே ஆகணும். சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓட்டறவர். வள்ளி கதையைப் பாடிக்கிட்டே ஆடற வள்ளி கும்மி கத்துக்க வந்தார். வந்த அன்னைக்கே, "எனக்குத் தாளமே வராதுங்க, சும்மா ஓரமா நிக்கறேன்"ன்னுட்டார். அவர் தறிக்குடோன்ல அத்தனை தறியும் ஒண்ணா ஓடுறப்போ நாம பேசறது நமக்கே கேக்காது. அதுல ஒரு தறி மட்டும் நடை மாறுச்சுன்னா, பக்கத்து வீட்ல தூங்கிட்டு இருக்கிற மனுசன் எந்திரிச்சு உக்காந்துக்குவார். அந்தக் காதுக்கா தாளம் வராது? நான் நம்பலைங்க.

கும்மியில அவர் என்ன பண்ணினார்னு கவனிச்சேன். எதுத்தாப்புல ஆடறவங்க காலைப் பாத்துப் பாத்து அடி வெச்சார். பாத்துட்டு வெச்சா பிந்தத்தான் செய்யும். அந்தக் குரங்குக்கு நடந்ததேதான். கும்மி வாத்தியார் அவர்கிட்ட வந்து, "காலைப் பாக்காதீங்க, வாயத் தொறந்து பாடுங்க"ன்னார். நல்லா ஆடற ரெண்டு பேருக்கு நடுவுல நிறுத்தினார். கொஞ்ச நேரம் தடுமாறினார். அப்புறம் பாட்டு வரியோட முடிவுல எல்லாரும் திரும்பறப்போ இவரும் சரியா திரும்பிட்டார். அவர் முகத்தைப் பாக்கணுமே!

வாத்தியார் பட்டறிவுல செஞ்சதை ஆராய்ச்சியும் காட்டுதுங்க. ஜெர்மனியில கிர்ஷ்னர், டொமசெல்லோன்னு ரெண்டு பேர் 2009-ல சின்னக் குழந்தைகளைக் கொட்டு அடிக்க வெச்சுப் பாத்தாங்க. ஒலிபெருக்கியில வர்ற சத்தத்தோட அடிக்கறதை விட, ஒரு ஆள் கூட உக்காந்து அடிக்கறப்போ ரெண்டரை வயசுக் குழந்தை கூட நல்லா சேருது. தனியா இல்லைங்க, கூட ஒரு ஆள் இருக்கறப்போ. அசையாம படுத்துத் தாளத்தைக் கேட்டா கூட, மூளையில அசைவுக்கான பகுதிகள் வேலை செய்யுதுன்னும் கண்டிருக்காங்க. காதும் காலும் அவ்வளவு நெருக்கம். தாளம் மனுசனுக்குக் கூட்டத்துல வளந்த குணம்னு நான் நினைக்கறதுக்குக் காரணம் இதெல்லாந்தான். தேக்கம்பட்டி பத்திரப்பன் ஐயா வள்ளி ஒயில் கும்மியைப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்து வட்டத்தைப் பெருசாக்கினார். 2024-ல அவருக்குப் பத்மஸ்ரீ கிடைச்சப்போ எனக்கு அவ்வளவு சந்தோசம்.

சரி, ஆடற கிளி ஒண்ணைப் பத்தியும் சொல்லிடறேன். அமெரிக்காவுல ஸ்னோபால்னு ஒரு வெள்ளைக் கொண்டைக்கிளி. பாட்டோட வேகத்தைக் கூட்டிக் குறைச்சா அதுவும் ஆட்டத்தை மாத்திக்கறதை 2009-ல அனிருத் படேல் குழுவினர் காட்டினாங்க. கேட்ட சத்தத்தைத் திருப்பிச் சொல்லக் கத்துக்கற உயிர்களுக்குத்தான் தாளம் வரும்னு அவர் முன்னாடியே ஒரு கருத்து சொல்லியிருந்தார். கிளி அதுக்குப் பொருந்துச்சு. ஆனா 2013-ல ரோனன்னு ஒரு கடற்சிங்கம் குறுக்க வந்துச்சு. அந்த மாதிரித் திருப்பிச் சொல்ற திறமை அதுக்கு இருக்கறதாத் தெரியலை, இருந்தும் பழக்கினதும் அடிக்குச் சரியாத் தலையாட்டுச்சு. ஆக, அந்தக் கருத்தைத் திருத்த வேண்டியிருக்குது.

அறிவிப்பாளர் கை காட்டறாருங்க, வேகமாச் சொல்லிடறேன். மடகாஸ்கர்ல இந்திரின்னு ஒரு லெமூர், குரங்குக்குச் சொந்தக்கார உயிர், அது பாடறப்போ இடைவெளி ஒண்ணுக்கு ஒண்ணு, ஒண்ணுக்கு ரெண்டுன்னு நம்ம பாட்டு மாதிரியே கணக்கா விழுதுன்னு 2021-ல கண்டாங்க. சிம்பன்சிங்க மரத்து வேரைக் கொட்டி அடிக்குது. மேற்கு ஆப்பிரிக்காவுல இருக்கறதுங்க சீரான இடைவெளியில அடிக்குது, கிழக்குல இருக்கறதுங்க வேற மாதிரி. மின்மினியில ஆரம்பிச்சு சிம்பன்சி வரைக்கும் கோக்கணும்னு நினைச்சேன், நேரம் ஆயிருச்சு. வணக்கமுங்க.