சாராளின் கூடாரம்

அன்பான நேயர்களுக்கு வணக்கம். பாளையங்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமச் சபையில் புதன்கிழமைதோறும் வேதபாட வகுப்பு எடுத்து வருகிறேன். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு தொடங்கியது. யாராவது ஒருவர் வீட்டுத் தார்சாவில் கூடுவோம். பெண்கள் பாயில், ஆண்கள் வாசல் பக்கம் நாற்காலியில். குடும்ப வாழ்க்கையைப் பற்றிய பாடம் என்றால் அந்த நாற்காலிகளில் பாதி காலியாகவே கிடக்கும். அது பொம்பளைகளுக்கான பாடம் என்று ஒரு நினைப்பு.

அந்த நினைப்பு எங்கிருந்து வந்தது? கல்யாணப் பிரசங்கங்களில், பவுல் அப்போஸ்தலன் கிரேக்கத்தில் எழுதிய எபேசியர் நிருபத்தின் 5-ஆம் அதிகாரம் 22-ஆம் வசனம் தவறாமல் வரும்: "மனைவிகளே, கீழ்ப்படியுங்கள்." அதற்கு முந்தின வசனம் எத்தனை பேர் காதில் விழுந்திருக்கிறது? "தெய்வபயத்தோடே ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்" என்கிறது 21. மிகப் பழைய கிரேக்கப் பிரதிகள் சிலவற்றில் 22-ஆம் வசனத்தில் "கீழ்ப்படியுங்கள்" என்ற வினையே இல்லை. 21-இலிருந்துதான் அதை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்றை விட்டு மற்றதை வாசித்தால் வாக்கியமே நிற்காது.

இதை நான் தெரிந்துகொண்டது பிந்தித்தான். கன்னம் வீங்கி வந்து நின்ற ஒரு பெண்ணிடம், "பொறுத்துக்கோ, கீழ்ப்படிஞ்சு போ" என்று இதே வசனத்தைச் சொல்லி வீட்டுக்கு அனுப்பியவள் நான். அவள் ஒரு வார்த்தை பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. அதனால்தான் இந்தப் பாடத்தை இப்போது வேறு மாதிரி எடுக்கிறேன்.

மனைவிகளுக்கு அங்கே மூன்றே வசனம். 25 முதல் 33 வரையிலான ஒன்பதும் பெரும்பாலும் புருஷர்களுக்கானவை. அவற்றை ஆண்களே சத்தமாக வாசிக்க வேண்டும் என்று வைத்திருக்கிறேன். ஒருநாள் லாரி ஓட்டுகிற தம்பி ஒருவர் 29-ஆம் வசனத்தில் நின்றுவிட்டார். "போஷித்துக் காப்பாற்றுகிறான்னு இருக்கே டீச்சர், போஷிக்கிறதுன்னா என்ன?" சோறு ஊட்டி வளர்ப்பது என்றேன். அடுத்த அதிகாரத்தில் பிள்ளைகளை வளர்ப்பதற்குப் பவுல் எழுதுவதும் கிரேக்கத்தில் அதே சொல். "காப்பாற்றுவது" என்பதற்கு மூலத்தில் உள்ள சொல்லுக்குச் சூடு கொடுத்து அணைப்பது என்று பொருள். புதிய ஏற்பாட்டில் அந்தச் சொல் வருகிற இன்னொரு இடம் 1 தெசலோனிக்கேயர் 2:7: "பால்கொடுக்கிற தாயானவள் தன் பிள்ளைகளைக் காப்பாற்றுவதுபோல." தாய் செய்கிற வேலையைச் சொல்லும் வார்த்தையால் புருஷனின் அன்பைச் சொல்லியிருக்கிறார் பவுல். அந்தத் தம்பி வசனத்தை முதலிலிருந்து இன்னொரு தடவை மெதுவாக வாசித்தார்.

அதற்குப் பிறகு ஆதியாகமம் 2:24. "புருஷன் தன் தகப்பனையும் தன் தாயையும் விட்டு, தன் மனைவியோடே இசைந்திருப்பான்." மத்தேயு 19-இல் இயேசு எடுத்துச் சொன்னதும் இதைத்தான். யார் விட்டு வர வேண்டும் என்று கவனியுங்கள். நம் வீடுகளில் பெட்டியோடும் பாத்திரத்தோடும் விட்டு வருவது பெண். இஸ்ரவேலிலும் அதுதான் வழக்கம்; ஆபிரகாம்-சாராளின் மகன் ஈசாக்கைக் கட்டிக்கொள்ள ரெபெக்காள் ஊரையும் உறவையும் விட்டு ஒட்டகத்தில் ஏறி வந்தவள். அப்படியிருந்தும் வேதம் புருஷனைப் பார்த்து "விட்டு" என்கிறது. ஆகவே இது வீடு மாறுகிற விஷயம் அல்ல. மனதில் முதல் இடம் யாருக்கு என்கிற விஷயம்.

இந்தப் பாடத்தன்று பாயில் இருந்த ஒரு பாட்டி பட்டென்று கேட்டார்கள்: "அப்பம் பெத்தவள நடுத்தெருவுல விட்டுரணுமா?" நியாயமான கேள்வி. மாற்கு 7-ஐத் திறக்கச் சொன்னேன். பெற்றோருக்குச் செய்ய வேண்டிய உதவியைக் "கொர்பான்", காணிக்கை, என்று சொல்லித் தட்டிக் கழித்தவர்களை இயேசு கடிந்துகொள்கிறார். விடுவது வேறு, கைவிடுவது வேறு. பாட்டி தலையை ஆட்டினார்கள், ஆனால் முகம் தெளியவில்லை. அவர்களோடு இருப்பது ஒரே மகனும் மருமகளும். அடுப்படி, அரிசிப் பானை, பீரோச் சாவி எல்லாம் பாட்டி கையில்.

மறு புதன் ஆதியாகமம் 24. கடைசி வசனத்தில் ஈசாக்கு ரெபெக்காளைத் தன் தாய் சாராளுடைய கூடாரத்துக்கு அழைத்துப் போகிறான், அவளை நேசிக்கிறான். வாசித்து முடித்து ஜெபம் பண்ணிக் கலைந்தோம். நான் குடையைத் தேடிக்கொண்டிருந்தபோது பாட்டி பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்கள்:

"சாராள் செத்தப்பெறவுதான டீச்சர் அந்தக் கூடாரம் மருமவளுக்குக் கெடச்சுது? நான் உசுரோட இருக்கும்போதே குடுத்துருதேன்."