வளர்ச்சி யாருடையது?

நடுவர் அவர்களே, அவையோரே, எதிரணி நண்பர்களே, வணக்கம்.

அரசின் முதல் அக்கறை வேகமான வளர்ச்சியா, நியாயமான வரியா என்பது தலைப்பு. எங்கள் அணி நியாயமான வரியின் பக்கம். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர், "வளர்ச்சி வரட்டும், மற்றதெல்லாம் பின்னாலேயே வரும்" என்றார். கைதட்டல் அள்ளினார். நானும் தட்டினேன், பேச்சு அப்படி. ஆனால் எது வளர்ந்தது, யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பதை மட்டும் அவர் கடைசிவரை சொல்லவேயில்லை.

அயர்லாந்தைப் பாருங்கள். 2015இல் அந்த நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தி ஒரே ஆண்டில் சுமார் 26 சதவீதம் ஏறிவிட்டதாக அறிவித்தார்கள். உலகமே வாயைப் பிளந்தது. அங்கே தொழிற்சாலைகள் கால் பங்கு கூடினவா? இல்லை. சம்பளம் கால் பங்கு ஏறியதா? அதுவும் இல்லை. சில பன்னாட்டு நிறுவனங்கள் காப்புரிமை போன்ற சொத்துகளைக் காகிதத்தில் அந்த நாட்டுக் கணக்குக்கு மாற்றிக்கொண்டன. அப்போது அங்கே நிறுவன வரி 12.5 சதவீதம்தான், அதனால் வந்த பாசம். கடைசியில் அந்நாட்டுப் புள்ளியியல் அலுவலகமே இந்த வீக்கத்தைக் கழித்துவிட்டுக் காட்ட இன்னொரு அளவீட்டை உருவாக்க வேண்டியதாயிற்று. எதிரணி மாலை போட்டு வரவேற்கச் சொல்லும் வளர்ச்சியின் லட்சணம் இப்படியும் இருக்கும்.

மொத்த உள்நாட்டு உற்பத்தி என்ற இந்தக் கணக்குக்கு அடித்தளம் போட்ட பொருளியலாளர் சைமன் குஸ்நெட்ஸ். 1934இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குக் கொடுத்த அறிக்கையிலேயே, தேசிய வருமானத்தை வைத்து மக்களின் நலனை முடிவுசெய்ய முடியாது என்று எச்சரித்தார். அவரே எச்சரித்தது எதிரணிக்கு மட்டும் கேட்கவில்லை.

அடுத்து, "ஏழைகள் எங்கே வரி கட்டுகிறார்கள்?" என்று ஒரு நண்பர் கேட்டார். நடுவர் அவர்களே, எனக்குச் சுருக்கென்று தைத்த கேள்வி அது. மதிப்புக் கூட்டு வரி 1954இல் பிரான்சில் தொடங்கியது, இன்று 160க்கும் மேற்பட்ட நாடுகளில் அது அல்லது அதே மாதிரியான வரி இருக்கிறது. ஒரு பொருளை வாங்கும்போது கோடீஸ்வரருக்கும் கூலித் தொழிலாளிக்கும் வரி விகிதம் ஒன்றுதான். தொழிலாளி வாங்கிய சம்பளம் முழுவதையும் செலவழித்தால்தான் மாதம் ஓடும். ஆகவே அவருடைய வருமானத்தின் பெரும்பகுதி இந்த வரிக்குள் வந்துவிடுகிறது. கோடீஸ்வரர் செலவழிப்பது வருமானத்தில் ஒரு துளி. மீதி பங்குகளிலும் நிலத்திலும் போய் உட்கார்ந்துகொள்கிறது. அமெரிக்கக் கோடீஸ்வரர் வாரன் பஃபெட் 2011இல் தாமே எழுதினார்: தாம் கட்டிய வரி வருமானத்தில் 17.4 சதவீதம், தம் அலுவலகத்தில் வேலை செய்பவர்கள் கட்டியது சராசரியாக 36 சதவீதம். இது அந்தப் பணக்காரரே கொடுத்த வாக்குமூலம். இதற்கு மேல் நான் என்ன சாட்சி கொண்டுவர?

சரி, வரியைக் குறைத்தால் தொழில் பெருகும் என்கிறார்களே, அதைச் செய்து பார்த்த இடம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் 2012இல் வருமான வரியைப் பெரிய அளவில் வெட்டினார்கள். சொன்ன வளர்ச்சி வரவில்லை, கஜானாவில் ஓட்டைதான் விழுந்தது. 2017இல் ஆளுநரின் சொந்தக் கட்சிக்கே பெரும்பான்மை இருந்த சட்டமன்றம், அவருடைய தடை அதிகாரத்தையும் மீறி அந்தச் சட்டத்தைத் திருப்பிப் போட்டது.

எதிரணிக்கு ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எல்லா வரியும் நல்ல வரி அல்ல. இங்கிலாந்தில் 1696இல் ஜன்னல்களை எண்ணி வரி போட்டார்கள். மக்கள் ஜன்னலையே செங்கல் வைத்து அடைத்துவிட்டு இருட்டில் இருந்தார்கள். அந்தக் கூத்து 1851வரை நடந்தது! அதனால்தான் எங்கள் அணி கேட்பது அதிக வரி அல்ல, நியாயமான வரி.

"அப்படிப் போட்டால் பணக்காரர்கள் நாட்டைவிட்டு ஓடிவிடுவார்கள்" என்றார்கள். நார்வேயில் ஒருவருடைய மொத்தச் செல்வத்தின் மீது போடும் வரியை உயர்த்தியதும் சில கோடீஸ்வரர்கள் சுவிட்சர்லாந்துக்குக் குடிபோனது உண்மைதான். ஆனால் அதே நார்வேயில் எண்ணெய் எடுக்கும் லாபத்துக்கு மொத்த வரி 78 சதவீதம். எண்ணெய் நிறுவனங்கள் ஓடிவிட்டனவா? எங்கே ஓடுவது? எண்ணெய்க் கிணற்றைப் பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு போக முடியுமா? நிலம், கனிமம், எண்ணெய் எல்லாம் இருந்த இடத்திலேயே இருப்பவை, அவற்றின் மீது போடும் வரிக்குக் கால் முளைக்காது. நார்வே அந்தப் பணத்தை அப்படியே செலவழித்துவிடவும் இல்லை. 1990இல் சட்டம் இயற்றி, 1996 முதல் ஒரு நிதியில் போட்டுவந்தது. 2017இல் அந்த நிதி ஒரு லட்சம் கோடி டாலரைத் தாண்டியது.

இதற்கு நேர் எதிரே பசிபிக் கடலில் நவ்ரு என்ற தீவு நாடு. மொத்தமே 21 சதுர கிலோமீட்டர். உரம் செய்ய உதவும் பாஸ்பேட் கனிமத்தைத் தோண்டித் தோண்டி விற்று, 1970களில் தலைக்கு வருமானத்தில் உலகின் முன்வரிசைக்கு வந்தது. வருமான வரியே கிடையாது. எதிரணி கனவு காணும் சொர்க்கம்! சேமிப்புக்கு நிதி ஒன்றும் வைத்திருந்தார்கள், ஆனால் அந்தப் பணம் போன போக்கைக் கேளுங்கள்: லண்டனில் லியோனார்டோ டா வின்சியைப் பற்றிய ஓர் இசை நாடகத்துக்கெல்லாம் முதல் போட்டார்கள், சில வாரங்களில் அதற்குத் திரை விழுந்தது. பாஸ்பேட்டும் தீர்ந்தது. தீவின் ஐந்தில் நான்கு பங்கு நிலம் பயிரும் வைக்க முடியாத, வீடும் கட்ட முடியாத கற்குவியலாகக் கிடக்கிறது. (தோண்டத் தொடங்கியது அந்நிய ஆட்சி, அந்தப் பழியை நவ்ரு மக்கள் தலையில் மட்டும் கட்டக் கூடாது.) கடைசியில் 2014இல் அங்கே வருமான வரி கொண்டுவந்தார்கள், எல்லாம் போன பிறகு!

ஆண்டுக்கு 7 சதவீதம் வளர்ந்தால் பத்தே ஆண்டில் இரட்டிப்பு என்று எதிரணியில் கணக்குப் போட்டார்கள். சரியான கணக்கு. ஏன் பத்தாண்டோடு நிறுத்திவிட்டார்கள்? 50 ஆண்டில் சுமார் 30 மடங்கு, 100 ஆண்டில் 800 மடங்குக்கும் மேல். பூமி மட்டும் அதே பூமி. இனி அறிவுதான் வளரும், மண் தேவைப்படாது என்பார்கள். உலகம் ஓராண்டில் தோண்டியும் அறுத்தும் எடுக்கும் பொருள்களின் எடை, 1970ஐ விட இன்று மூன்று மடங்குக்கும் மேல் இருக்கிறது.

வறுமையில் இருக்கும் நாட்டுக்கு வளர்ச்சி வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வளர்ச்சி இருக்கும்வரை, "பொறு, உனக்கும் வரும்" என்று சொல்லிப் பங்குச் சண்டையைத் தள்ளிப்போடலாம். அது மெதுவானால் பொறுக்கச் சொல்ல வாய் இருக்காது. அன்றைக்கு அரசின் கையில் மிஞ்சுவது வரி ஒன்றுதான். அதை நியாயமாகப் போடுவதை அன்றைக்கு அவசரத்தில் கற்றுக்கொள்ள முடியாது.

மணி அடித்துவிட்டார்கள், ஒரே கேள்வி கேட்டுவிட்டு உட்காருகிறேன். 2021 அக்டோபரில் 136 நாடுகள், பெரிய பன்னாட்டு நிறுவனங்களுக்குக் குறைந்தபட்சம் 15 சதவீத வரி என்று ஒப்புக்கொண்டன. அயர்லாந்தும் அதில் ஒன்று. குறைந்த வரிதான் வளர்ச்சிக்கு வழி என்றால், அந்த வழியில் முன்னால் போனவர்களே ஏன் கையெழுத்துப் போட்டார்கள்? அடுத்து வரும் எதிரணி நண்பர் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.