எம்டன் குண்டும் ரௌலட் சட்டமும்

நடுவர் அவர்களே, வணக்கம். தலைவர்கள் தட்டி எழுப்பியதால்தான் நாடு விடுதலைக்கு எழுந்தது என்று எதிரணித் தங்கை அழகாகப் பேசிவிட்டுப் போனார். எங்கள் அணி சொல்வது இதுதான்: வெள்ளைக்காரன் நடத்திய முதல் உலகப் போரும், அந்தப் போரைச் சாக்காக வைத்து அவன் போட்ட சட்டமும்தான் நாட்டை எழுப்பின.

சென்னையிலிருந்தே தொடங்குகிறேன். 1914 செப்டம்பர் 22, இரவு நேரம். எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் குண்டு வீச, துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் பற்றி எரிகின்றன. அதற்கான கல்வெட்டு உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரில் இருக்கிறது, அந்தப் பக்கம் போனால் நின்று பாருங்கள். ஜெர்மனிக்கும் நமக்கும் என்ன வாய்க்கால் வரப்புத் தகராறு? லண்டனில் முடிவெடுத்த போர் அது, நம்மை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனாலும் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கடல் கடந்து போனார்கள், 70,000 பேருக்கு மேல் திரும்பி வரவே இல்லை. போதாததற்கு 1917-இல் 10 கோடி பவுண்டு, இந்தியா தந்த அன்பளிப்பு என்று பெயர் வைத்து.

எதிரணி காந்தியைச் சொன்னது. சரி, 1918-இல் காந்தி என்ன செய்துகொண்டிருந்தார்? குஜராத்தின் கேடா மாவட்டத்தில் ஊர் ஊராக நடந்து, பிரிட்டிஷ் படைக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார்! அதற்குச் சில மாதம் முன்பு, வரிகொடா இயக்கத்தின்போது, அதே ஊர்க்காரர்கள் அவருக்கு வண்டியை இலவசமாகக் கொடுத்தவர்கள். இப்போது வாடகைக்குக்கூட வண்டி கிடைக்கவில்லை. அகிம்சை பேசுகிற நீங்கள் ஆயுதம் எடுக்கச் சொல்லலாமா, இந்த அரசு நமக்கு என்ன நல்லது செய்துவிட்டது என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். என்னைக் கேட்டால், அன்றைக்குத் தலைவரைவிட அந்த விவசாயிகள்தான் முன்னால் போய்விட்டார்கள்.

போர் முடிந்தது. உதவிக்குக் கைம்மாறாக சுயாட்சி வரும் என்று காத்திருந்தவர்களுக்கு வந்தது 1919 மார்ச்சில் ரௌலட் சட்டம். விசாரணை இல்லாமல் சிறையில் வைக்கலாம், ஜூரி கிடையாது, அப்பீல் கிடையாது. போர்க்காலக் கெடுபிடியை அமைதிக் காலத்துக்கும் நீட்டினார்கள். சட்டசபையில் இருந்த அதிகாரிகள் அல்லாத இந்திய உறுப்பினர்கள் அத்தனை பேரும் எதிர்த்தும் நிறைவேற்றினார்கள்.

அப்புறம் அமிர்தசரஸ். ஏப்ரல் 10-ஆம் தேதியே உள்ளூர்த் தலைவர்கள் சைபுதீன் கிச்லுவையும் சத்யபாலையும் கைது செய்து ஊரைவிட்டே கொண்டுபோய்விட்டார்கள். தங்கையே, தட்டி எழுப்பத் தலைவர்கள் அங்கே இல்லை! ஆனாலும் 13-ஆம் தேதி ஜாலியன்வாலா பாக்கில் ஆயிரக்கணக்கில் கூடினார்கள். 1,650 தோட்டாக்கள் சுடப்பட்டன, அரசுக் கணக்கிலேயே 379 சாவு. அதோடு விட்டார்களா? அந்த ஊரின் ஒரு சந்தில் இந்தியர் யார் போனாலும் வயிற்றால் ஊர்ந்துதான் போக வேண்டும் என்று உத்தரவு. தன் வீட்டு வாசலுக்குப் புழுதியில் ஊர்ந்து போனவனுக்கு யார் வந்து மேடையில் பேச வேண்டும், நடுவர் அவர்களே?

படைக்கு ஆள் சேர்த்த அதே காந்தி, கிலாபத் விஷயத்தில், அதாவது முஸ்லிம்களின் தலைவரான துருக்கி கலீபாவின் பதவி விஷயத்தில், நேர்ந்த துரோகத்தையும் பஞ்சாபில் நடந்ததையும் சொல்லி, 1920 ஆகஸ்ட் 1 அன்று வைஸ்ராய்க்குக் கடிதம் எழுதினார். பிரிட்டிஷ் அரசு தந்திருந்த கெய்சர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கத்தைத் திருப்பிக் கொடுத்தார். கூடவே தென்னாப்பிரிக்காவில் போயர் போரிலும் ஜூலு போரிலும் பேரரசுக்காகக் காயம்பட்டவர்களைத் தூக்கிச் சுமந்ததற்குக் கிடைத்த இரண்டு போர்ப் பதக்கங்களையும்.