ஹோமரோட கடல் ஏன் ஒயின் மாதிரி? ‘ஒய்னொப்ஸ்’ பஞ்சாயத்து

வணக்கம் மக்களே! இலியட், ஒடிசி பாடின பழைய கிரேக்கக் கவி ஹோமர் பத்தின அந்த ரீல்ஸ் மறுபடி சுத்துது. “கிரேக்கர்களுக்கு நீலமே தெரியாது, அதான் ஹோமர் கடலை ஒயின்னு சொன்னாரு.” டேக் பண்ணது போதும், ப்ளீஸ்!

இதுக்கு விதை 1858ல கிளாட்ஸ்டன் எழுதின புத்தகம். பின்னாடி 4 தடவை பிரிட்டன் பிரதமரானாரே, அவரேதான். ஹோமர் காலத்து ஆளுங்களுக்கு நிற உணர்வு முழுசா வளரலைன்னாரு. அட, ஒடிசி 7ஆம் காண்டத்துல அரண்மனைச் சுவர்ல ‘கியானொஸ்’ பட்டை ஓடுதே! அது நீலப் பொருள். கிரீட் தீவோட பழைய அரண்மனை நகரம் நொஸ்ஸொஸ், அங்க இருக்கற சுவரோவியங்கள்லயும் நீலம் கொட்டிக் கிடக்கு.

சரி, ஹோமர் கடலுக்குப் போட்ட அந்த ‘ஒய்னொப்ஸ்’ங்கற சொல்லைப் பிரிப்போம். ‘ஒய்னொஸ்’னா ஒயின். ‘ஒப்ஸ்’னா கண், முகம், தோற்றம். சேர்த்தா பார்வைக்கு ஒயின் மாதிரி இருக்கறது. இங்கிலீஷ் மொழிபெயர்ப்புல ‘வைன்-டார்க்’னு கூடவே வர்ற அந்த ‘இருட்டு’ கிரேக்கத்துல எங்கயுமே இல்ல!

இப்ப எனக்குப் பிடிச்ச இடம். இலியட் 2.613ல ‘எபி ஒய்னொபா பொந்தொன்’னு வரும், அதாவது ‘ஒயின் மாதிரி கடல் மேல’. உயிருக்கு முன்னாடி உயிர் வந்தா நாம உடம்படுமெய் போடுவோம். கிரேக்கக் கவிதையில முதல் உயிர் விழுந்து ‘எப்’னு ஆகணும். இங்க விழல! ஏன்? ஆதியில அது ‘வொய்னொஸ்’. லத்தீன் ‘வீனும்’ல அந்த வ் இன்னும் இருக்கு. ஹோமரோட அயோனிய வட்டாரக் கிரேக்கத்துல வ் போயிடுச்சு, ஆனா யாப்பு அதுக்கு இன்னும் சீட்டு போட்டு வச்சிருக்கு. செம்ம இல்ல?

அய்யோ, மாட்டை விட்டுட்டேன்! இலியட் 13.703, ஒடிசி 13.32, ரெண்டுலயும் ஏர் இழுக்கற மாடுங்களுக்கு இதே அடைமொழிதான். ஹோமருக்கும் முந்தின கிரேக்க எழுத்துமுறை லீனியர் பி, அதைப் பத்தின நம்ம வீடியோ ஞாபகம் இருக்கா? நொஸ்ஸொஸ் களிமண் பலகையில ‘வொ-நொ-க்வொ-சொ’ன்னு ஒரு மாட்டுப் பேர். அந்த எழுத்துமுறையில ‘ஒய்’யோட ய் எழுத மாட்டாங்க. ஆக, அது ‘வொய்னொக்வ்ஸ்’. வ் அங்கயே உட்கார்ந்திருக்கு! ‘க்வ்’தான் பின்னாடி ‘ப்’ ஆச்சு.

மாட்டுல செம்பழுப்பு சரி, கடல்ல? ஹோமர் ஒயினையே சிவப்புன்னு சொல்வாரு, கறுப்புன்னு சொல்வாரு, ‘அய்தொப்ஸ்’னும் சொல்வாரு. கனல் மாதிரி மின்னறது. அதுலயும் அதே ‘ஒப்ஸ்’. அதனால என் ஓட்டு அடர்த்தியான பளபளப்புக்குத்தான், நிறத்துக்கு இல்ல.

அப்புறம், சுண்ணாம்புத் தண்ணி கலந்து ஒயின் நீலமாச்சுன்னு ஒரு தியரி. நீலமாகணும்னா ஒயினோட அமிலம் போகணும், ஆனா ஒயினோட பிஹெச் 3லேர்ந்து 4, நல்ல அமிலம். அந்த அமிலத்தைச் சாதா கிணத்துத் தண்ணி ஜெயிக்காது. ஆளை விடுங்க!