சமைப்பவரும் சுவைப்பவரும்

(கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், தமிழ் மகளிர் சமையல் போட்டியின் தொடக்கத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும், அடுப்பைப் பற்றவைக்கக் காத்திருக்கும் போட்டியாளர்களுக்கும் என் வணக்கம்.

இத்தகைய போட்டிகளை நம் இளையோர் ‘பேக்-ஆஃப்’ என்றும் ‘குக்-ஆஃப்’ என்றும் அழைக்கிறார்கள். முதற்பெயர் அடுமனைப் பண்டங்களுக்கு உரியது. 1949இல் நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலில் பில்ஸ்பரி மாவு நிறுவனம் நடத்திய போட்டியால் அது பரவியது. அந்நிறுவனம் அதை வணிகக் குறியாக வைத்திருப்பதால், 2010இல் தொடங்கிய ‘தி கிரேட் பிரிட்டிஷ் பேக் ஆஃப்’ என்ற பிரிட்டன் தொலைக்காட்சிப் போட்டி அமெரிக்காவில் வேறு பெயரில் ஒளிபரப்பாகிறது. மாவு விற்க நடந்த போட்டிதான். ஆயினும் எதை மதிப்பிடுகிறோம் என்பதில் அவர்களுக்குக் குழப்பம் இருக்கவில்லை. நமக்கு இருக்கிறது.

2018இல் பிரிட்டனின் மாஸ்டர்செஃப் தொலைக்காட்சிச் சமையல் போட்டியில், நம் நாட்டவரான சலேஹா காடிர் ஓல்பின், தேங்காய்ப் பால் சோறான நாசி லெமாக்குடன் கோழி ரெண்டாங் சமைத்து வைத்தார். கோழித் தோல் மொறுமொறுப்பாக இல்லை என்று நடுவர் குறை சொன்னார். அந்தச் சுற்றோடு அவர் வெளியேறினார். ரெண்டாங் எப்படி உருவாகிறது? அரைத்த மசாலாவில் தேங்காய்ப் பாலை ஊற்றி, இறைச்சியை அதிலேயே மெதுவாக வேகவிட்டு, பால் வற்றி எண்ணெய் பிரியும் பதத்தில், வறுத்து இடித்த தேங்காயைச் சேர்த்துக் கிளறி இறக்குகிறார்கள். குழம்பிலேயே கிடந்து வெந்த தோல் மொறுமொறுப்பாக இருக்க வழியே இல்லை. மலேசியர்கள் இன வேறுபாடின்றி கொதித்தெழுந்ததில் நியாயம் இருந்தது.

அந்த நடுவரைக் கடிந்துகொண்ட நாம், நம் மண்டபங்களில் என்ன செய்கிறோம்? எல்லா உணவையும் ஒரே மேசையில் பரப்பி வைத்து, வரவேற்புரையும் மாலை மரியாதையும் முடிந்த பிறகே சுவைக்க வருகிறோம். இறக்கும்போது இலையில் வழிந்து பரவும் வெண்பொங்கல் அதற்குள் கட்டியாகிவிடும். தோசை தோல்போல் ஆகிவிடும். புளி ஊறிய மீன் குழம்போ நேரம் செல்லச் செல்ல ருசி கூடிக்கொண்டே போகும். ஒரே நேரத்தில் சுவைப்பது சமநீதி போலத் தோன்றினாலும், பொங்கல் வைத்த பெண்ணுக்கு அது அநீதியே. கேரட்டைப் பூவாகச் செதுக்கி வைத்தவருக்குப் பரிசும், பதமறிந்து சமைத்தவருக்கு ஆறுதல் சான்றிதழும் போவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மனம் வலிக்கிறது.

ஆகவே ஏற்பாட்டாளர்களிடம் சில வேண்டுகோள்களை வைக்கிறேன். அந்தந்த உணவை வீட்டில் சமைத்துப் பழகிய ஒருவராவது நடுவர் குழுவில் இருக்கட்டும். தோசையையும் பொங்கலையும் நடுவர்கள் அடுப்படிக்கே போய்ச் சுவைக்கட்டும். குழம்பு வகைகள் கடைசிக்கு இருக்கட்டும். நூறு மதிப்பெண்ணில் சுவைக்கு 50, பக்குவத்திற்கு 30, தூய்மைக்கு 10, அலங்காரத்திற்கு 10 எனப் பிரித்து, அந்தத் தாளை அடுப்பு மூட்டும் முன்பே போட்டியாளர் கையில் கொடுத்துவிடுங்கள். முடிவு அறிவித்த பின், தோற்றவர் கேட்டால், எங்கே குறைந்தது என்பதை நடுவர் நேரில் சொல்லட்டும்.