டாவே இல்லாமல் அந்த வெற்றி இல்லை

வணக்கம் நேயர்களே. 1995 ஜூன் 9 அன்று டோக்கியோவின் நிப்பான் புடோகான் அரங்கில் நடந்த தொழில்முறை மல்யுத்த டேக் டீம் (இருவர் அணி) பட்டப் போட்டியை முழுமையாகப் பார்த்து முடித்துவிட்டு நேராகக் கேமராவின் முன் அமர்ந்திருக்கிறேன். அதன் கடைசிச் சில விநாடிகளை மட்டும் நறுக்கியெடுத்த ஒரு துணுக்கு இப்போது எங்கும் சுற்றுகிறது. உங்களில் பலர் எனக்கும் அனுப்பியிருந்தீர்கள். கவாடா மிசாவாவைத் தூக்கி முதுகு தரையில் மோத அறையும் பவர்பாம் போடுகிறார், ரெஃப்ரி மூன்று எண்ணுகிறார், அவ்வளவுதான். கவாடாவின் கூட்டாளி அகிரா டாவே செய்த வேலை அதில் ஒரு நொடிகூட இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பழைய நேயர்களுக்கு என் கட்சி தெரியும். ஆல் ஜப்பான் மல்யுத்த நிறுவனத்தின் நட்சத்திரங்களான மிசாவா, கவாடா, கோபாஷி, டாவே என்ற அந்த நால்வரில் கவாடாவுக்கே என் மனம் சாயும். ஆனாலும் இன்று டாவேக்காகத்தான் பேச வந்திருக்கிறேன்.

முதலில் அந்த டிவிடி. பயன்படுத்திய ஜப்பானிய வட்டு ஒன்றை வரவழைப்பதாகச் சென்ற காணொளியில் சொல்லியிருந்தேன் அல்லவா, அது வந்து சேர்ந்தது. வட்டின் விலையைவிட அதை அனுப்பிய கட்டணம் அதிகம், அதற்கு மேல் சுங்க வரி வேறு. மெல்லிய வட்டு ஒன்றுக்கு ஏதோ இரும்புப் பெட்டியை அனுப்பியதுபோல் எடை போட்டிருந்தார்கள் என்பதை எவ்வளவு யோசித்தும் என்னால் ஏற்க முடியவில்லை. கட்டணத்தைக் கட்டி வாங்கி வந்தால் வீட்டு பிளேயர் அதை ஏற்கவில்லை. டிவிடிகளுக்கு நாட்டைப் பொறுத்து மண்டலப் பூட்டு உண்டு: ஜப்பானிய வட்டுகள் மண்டலம் 2, இந்தியப் பிளேயர்கள் மண்டலம் 5. கணினியில் செருகும் டிரைவ் ஒன்றைத் தேடிப் பிடித்து, அதில் மண்டலத்தை மாற்றினேன். அதையும் ஐந்து முறைதான் மாற்ற அனுமதிப்பார்கள் என்பதால் அந்த டிரைவை இனி ஜப்பானுக்கே எழுதி வைத்துவிட்டேன். ஜப்பானிய வர்ணனையோடு படம் ஓடத் தொடங்கியதும் நான் கைதட்டிவிட்டேன்.

சரி, போட்டி. ஒரு பக்கம் மிட்சுஹாரு மிசாவாவும் கென்ட்டா கோபாஷியும், மறுபக்கம் தோஷியாகி கவாடாவும் அகிரா டாவேயும். மிசாவாவும் கவாடாவும் ஒரே உயர்நிலைப் பள்ளியில் மல்யுத்தம் பயின்றவர்கள்; மிசாவா ஒரு வகுப்பு மூத்தவர். 1990 மே மாதத்தில் மிசாவா தான் ஏற்று ஆடிவந்த டைகர் மாஸ்க் வேடத்தின் முகமூடியைக் களைந்தபோது அதன் முடிச்சை அவிழ்த்துவிட்டவரே கவாடாதான். அந்தக் கவாடா 1993இல் மிசாவாவின் அணியிலிருந்து பிரிந்துபோய் டாவேயுடன் சேர்ந்தார். ஆனாலும் மிசாவாவை அவர் அதுவரை பின்ஃபாலில், அதாவது தோள்களைத் தரையில் அழுத்தி மூன்று எண்ண வைத்து, வென்றதே இல்லை. போதாக்குறைக்கு, இந்தப் போட்டிக்கு இரண்டு வாரம் முன்புதான், மே 26 அன்று, மிசாவா ஸ்டான் ஹேன்சனை வென்று, ஆல் ஜப்பானின் உச்சத் தனிநபர் பட்டமான டிரிபிள் கிரவுனை மீட்டிருந்தார். உச்சத்தில் இருக்கும் மனிதரை எப்படி வீழ்த்துவது என்பதுதான் 42 நிமிடங்களுக்கு மேல் நீளும் இந்தப் போட்டியின் ஒரே கேள்வி.

கோபாஷி காலில் கட்டோடு வந்திருந்தார். கவாடாவும் டாவேயும் அந்தக் காலைத் தேடித் தேடித் தாக்குகிறார்கள், ஏனெனில் கோபாஷி எழ முடியாமல் போனால்தான் மிசாவா தனியாவார். ஒன்றைச் சொல்லாமல் கடந்துவிட்டேன்: அதே ஆண்டு ஏப்ரலில், சாம்பியன் கார்னிவல் என்ற வருடாந்தரத் தனிநபர் தொடரில், கவாடாவுடன் மோதியபோது மிசாவாவின் கண்குழி எலும்பு முறிந்திருந்தது. அதை மனத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். கவாடாவின் உதைகள் முகத்தை நோக்கிப் போகும் ஒவ்வொரு முறையும் அரங்கம் ஏன் அப்படி அலறுகிறது என்று புரியும்.

இப்போது டாவே. ரிங்கின் விளிம்பில் மிசாவாவின் தொண்டையைப் பிடித்து அங்கிருந்து கீழே தரையில் அறைகிறாரே, போட்டி திரும்புவது அந்த இடத்தில்தான். சுமோவில் ஜூரியோ எனும் இரண்டாம் உயர்நிலைப் பிரிவு வரை உயர்ந்தவர் அவர். தொண்டையில் கை வைத்துத் தள்ளும் அந்தப் பிடியும் அங்கிருந்து வந்ததே. கவாடாவிடம் கோபமும் உதையும் உண்டு, ஆனால் மிசாவாவை நிலைகுலையச் செய்யும் உயரமும் பாரமும் டாவேயிடம்தான் இருந்தன. மெதுவானவர், தளர்ந்த நடைக்காரர் என்று அவரை ஒதுக்குபவர்களோடு எனக்கு ஒருபோதும் ஒத்துப்போகாது. மறு ஆண்டு 1996இல் சாம்பியன் கார்னிவலை வென்று, மே 24 அன்று சப்போரோவில் மிசாவாவிடமிருந்தே டிரிபிள் கிரவுனைப் பறித்தவரை எப்படித் துணைப்பாத்திரம் என்பீர்கள்?

இறுதிக்கட்டத்தில், கால் செயலிழந்த கோபாஷி விழுந்து கிடக்கும் மிசாவாவின் மேல் தன் உடம்பையே போர்த்திக் காக்கிறார். நான் பார்த்த டேக் டீம் போட்டிகள் எதிலும் இதற்கு ஈடான காட்சி இல்லை. அவரை விலக்கிய பிறகுதான் துணுக்கில் வரும் அந்தப் பவர்பாம் வருகிறது. போட்டிகளுக்கு நட்சத்திர மதிப்பெண் தரும் அமெரிக்க மல்யுத்தப் பத்திரிகையாளர் டேவ் மெல்ட்ஸர் இதற்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்தார். எனக்கு அதில் மறுப்பில்லை. டிரிபிள் கிரவுன் பட்டத்துக்கான தனிநபர் போட்டியில் மிசாவாவை வெல்லக் கவாடா 1998 மே 1 வரை, டோக்கியோ டோம் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. அங்கே டாவே பக்கத்தில் இல்லை என்பதையும் சேர்த்தே எண்ணிப் பாருங்கள்.

அடுத்த காணொளியில் 1996 டிசம்பர் 6 அன்று நடந்த டேக் லீக் (இருவர் அணிகளின் தொடர்) இறுதிப் போட்டி. மிசாவாவுடன் அன்று கோபாஷி இல்லை, ஜுன் அகியாமா இருந்தார். அதற்கும் டாவேயின் பக்கமிருந்தே விமர்சனம் செய்யப் போகிறேன். முடிந்தால் முழுப் போட்டியையும் முன்கூட்டியே பார்த்துவிட்டு வாருங்கள்.